சாதாரண தரமும் சாதாரண சித்தியும்

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் எழுகின்ற கேள்வி ஒன்றே. "எத்தனை ஏ?" என்று அயல்வீட்டார் கேட்பர். கனடாவிலிருந்து மாமன் தொலைபேசியில் கேட்பார். ஒன்பது பாடங்களிலும் ஏ பெற்ற பிள்ளையின் படம் சில நாட்களில் காலி வீதிச் சுவரொட்டிகளில் இடம்பெறும். அந்தப் பிள்ளையின் உழைப்புப் பாராட்டத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பரீட்சைக்குத் தோற்றும் மாணவருள் மிகப் பெரும்பாலோர் ஒன்பது ஏ பெறுபவரும் அல்லர். எல்லாப் பாடங்களிலும் தவறுபவரும் அல்லர். இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் நிற்பவர்களே அவர்கள். இந்தப் பத்திரம் உண்மையில் எதைக் கேட்கின்றது, எதைக் கேட்பதில்லை என்பதை நன்கு அறிந்திருக்க வேண்டியவரும் அவர்களே. பெற்றோருட் பலர் அதனை அறியாதிருப்பதால் நல்ல பிள்ளைகளின் வழி சில வேளைகளில் அடைபட்டுப் போகின்றது.

கல்விப் பொதுத் தராதரப் பத்திரச் சாதாரண தரம் என்பது இப்பரீட்சையின் முழுப் பெயர். பெயர் நீளமானது, வரலாறும் நீளமானதே. 1880 முதல் இலங்கை மாணவர் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகம் நடத்திய பரீட்சைகளுக்குத் தோற்றினர். வினாக்கள் இங்கிலாந்தில் ஆக்கப்பட்டன. விடைத்தாள்கள் கப்பலேறி அங்கே திருத்தப்படச் சென்றன. ஆங்கிலம் கற்ற, கட்டணம் செலுத்த வல்ல சிலருக்கே அந்த வாயில் திறந்திருந்தது. 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாக விளங்கிய சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் இடைநிலை வகுப்புகள் படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறின. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் தமிழிலேயே கற்கத்தக்கனவாயின.

எஸ்.எஸ்.சி. என்று முதியோர் இன்றும் குறிப்பிடும் சிரேட்ட பாடசாலைத் தராதரப் பத்திரம் இருந்த இடத்திற்கு 1950களில் கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் வந்தது. 1972இல் தொடங்கிய சீர்திருத்தம் அதனையும் மாற்றியது. 1975இல் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் என்ற பெயரில் வேறொரு பரீட்சை நடைபெற்றது. 1977இல் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்தின் பின் பழைய பெயரும் பழைய முறையும் திரும்பின. பெயர் எத்தனை முறை மாறினும் அப்பத்திரத்தின் பணி மாறவில்லை. பதினாறு வயதளவில் நிற்கும் ஒரு பிள்ளை அடுத்து எந்த வாயிலினூடு செல்லலாம் என்பதைச் சொல்வதே அதன் பணி.

இனி, அது கேட்பது என்ன என்பதை நோக்குவோம். மாணவர் ஒருவர் ஒன்பது பாடங்களுக்குத் தோற்றலாம். அவற்றுள் ஆறு பாடங்கள் யாவர்க்கும் பொதுவானவை: சமயம், முதன்மொழியும் இலக்கியமும், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. எஞ்சிய மூன்றும் மூன்று தொகுதிகளிலிருந்து, தொகுதிக்கு ஒன்றாகத் தெரிந்தெடுக்கப்படுவன. முதலாந் தொகுதியில் வணிகமும் கணக்கீடும், புவியியல், குடியியல், இரண்டாம் மொழி முதலியன உள. இரண்டாந் தொகுதியில் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம், இலக்கிய நயம் என்பன உள. மூன்றாந் தொகுதியில் தகவல் தொழினுட்பம், விவசாயம், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும் போன்றவை அமைந்துள்ளன.

புள்ளிகளின் படி இதுவாகும். 75 அல்லது அதற்கு மேற்பட்டால் ஏ. 65 முதல் 74 வரை பி. 50 முதல் 64 வரை சி. 35 முதல் 49 வரை எஸ். 35க்குக் குறைந்தால் டபிள்யு, அதாவது சித்தியின்மை. இவ்வெழுத்துகளுள் சி என்பதைத் திறமைச் சித்தி என்றும், எஸ் என்பதைச் சாதாரண சித்தி என்றும் வழங்குவர். நேயர்கள் இவ்விரண்டையும் நினைவில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். ஏனெனில், ஒன்பது ஏ பற்றிய ஆரவாரத்தில் பலரும் கவனியாது விடுவது சி என்ற எழுத்துக்கும் எஸ் என்ற எழுத்துக்கும் இடையிலுள்ள தூரத்தையே.

முதலாவது வாயில் உயர்தர வகுப்பு. இதற்குரிய பொது விதி, ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் முதன்மொழியும் கணிதமும் அடங்க வேண்டும். மூன்று பாடங்களிலாவது திறமைச் சித்தி இருத்தல் வேண்டும் என்பதாகும். முதற்றடவை தவறிய பாடத்திற்கு மீண்டும் தோற்றி நிரப்பிக்கொள்ளவும் இடமுண்டு. கணிதத்தில் மாத்திரம் தவறியவர்க்குச் சில சலுகைகளும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் வாயிலாக அவ்வப்போது வழங்கப்பட்டு வந்துள்ளன. ஆதலின் அந்தந்த ஆண்டுக்குரிய சுற்றறிக்கை என்ன சொல்கின்றது என்பதைப் பாடசாலை அதிபரிடம் கேட்டறிதல் முறையாகும். அண்மை ஆண்டுகளில் பாடசாலைப் பரீட்சார்த்திகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் உயர்தரம் கற்கும் தகுதியைப் பெற்றுள்ளனர். எனவே இந்த முதல் வாயில், வீடுகளில் நிலவும் அச்சம் கருதுமளவிற்கு ஒடுங்கியதன்று. விஞ்ஞானம், கணிதம் ஆகிய துறைகளைத் தொடர விரும்புவோரிடம் அந்தந்தப் பாடத்தில் திறமைச் சித்தியேனும் பாடசாலைகள் எதிர்பார்க்கின்றன என்பதை மாத்திரம் இங்கே கூட்டிச் சொல்லுதல் தகும்.

ஆனால் இந்தப் பத்திரம் ஒரு முறை மாத்திரம் வாசிக்கப்பட்டு மடித்து வைக்கப்படுவதன்று. இரண்டாவது வாயில் சில ஆண்டுகளின் பின் வருகின்றது. அங்கே அதே பத்திரம் மீண்டும் விரிக்கப்படுகின்றது. அரசாங்க அலுவலகங்களில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் பதவிக்கு விண்ணப்பம் கோரும் வர்த்தமானி அறிவித்தலைப் படித்துப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். சாதாரண தரத்தில் ஒரே தடவையில் ஆறு பாடங்களில் சித்தி வேண்டும் என்று அது கேட்கின்றது. அத்துடன் மொழி, கணிதம், வேறு இரு பாடங்கள் ஆகிய நான்கிலும் திறமைச் சித்தி வேண்டும் என்றும் கேட்கின்றது. உயர்தரத்தில் நன்கு சித்தியடைந்த இளைஞர் ஒருவர், பதினாறு வயதிற் பெற்ற கணித எஸ் காரணமாக அந்த விண்ணப்பத்தை நிரப்ப முடியாது நிற்பதுண்டு. அன்று வீட்டார், "எப்படியோ கணிதம் தப்பிவிட்டது" என்று ஆறுதலடைந்திருப்பர். தப்பியது உயர்தர வகுப்பின் வாயில் மாத்திரமே என்பதை அப்பொழுது எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்.

பல்கலைக்கழக அனுமதியிலும் இதனை ஒத்த நிலை உண்டு. 2001 முதல் உயர்தரப் பெறுபேறு இசட் புள்ளி என்னும் முறையினால் ஒழுங்கு செய்யப்படுகின்றது. எனினும் சில கற்கைநெறிகள் அதனோடு அமையாமல், சாதாரண தர ஆங்கிலத்திலோ கணிதத்திலோ குறித்ததொரு தரத்தையும் வேண்டுகின்றன. ஆகவே 35 புள்ளி உயர்தர வகுப்பிற்கு வழிவிடலாம். அதற்கப்பால் உள்ள வாயில்களுட் பல 50 புள்ளியையே கேட்கின்றன. மொழியிலும் கணிதத்திலும் திறமைச் சித்தி என்பதையே ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளைக்குரிய குறைந்த இலக்காகக் கொள்ளுதல் வேண்டும். ஒன்பது ஏ அதன் பின்னர் வரட்டும்.

இவ்விலக்கை அடைய முடியுமா என்று கேட்பவர்கள் கணித வினாத்தாளின் அமைப்பை ஒரு முறை பார்த்தல் நலம். முதலாம் வினாத்தாள் இரண்டு மணித்தியாலத்திற்குரியது. அதன் முதற் பகுதியில் 25 சிறு வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளியாக 50 புள்ளி. இரண்டாம் பகுதியில் அமைப்புடைய வினாக்கள் ஐந்து. அவற்றுக்கும் 50 புள்ளி. இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம். அதில் பன்னிரண்டு வினாக்களுள் பத்துக்கு விடை எழுத வேண்டும். இரு தாள்களும் சேர்ந்து 200 புள்ளி. அதன் பாதி 100. சதவீதம், வட்டி, பின்னங்கள், எளிய சமன்பாடுகள், பரப்பளவு, தொடைகள், வரைபுகள் ஆகியவற்றில் உறுதியுள்ள மாணவர், கடினமான கேத்திரகணித நிறுவல்களை விட்டுவிட்டாலும் அந்த நூறை அணுகலாம். ஆயினும் நாடு முழுவதிலும் மாணவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் கணிதத்தில் தவறி வருகின்றனர். பதினோராம் ஆண்டுப் பாடம் விளங்காமையை விட, ஆறாம் ஏழாம் ஆண்டுகளிற் கற்ற பின்னமும் சதவீதமும் உறுதிப்படாமையே பெரும்பாலும் இதற்குக் காரணம். அந்தக் குறையைப் பரீட்சைக்கு மூன்று திங்களுக்கு முன் தொடங்கும் விரைவு வகுப்பினால் நிரப்புதல் அரிது. எட்டாம் ஆண்டிலேயே தந்தையோ தாயோ பிள்ளையின் கணிதக் கொப்பியைத் திறந்து பார்த்தால் அது தெரியவரும்.

மொழியின் நிலைமை வேறுவிதமானது. தமிழ் வீட்டிற் பேசும் மொழி ஆதலால் அதற்குத் தனியே உழைப்பு வேண்டியதில்லை என்னும் எண்ணம் கொழும்பில் வேரூன்றியிருக்கின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளரும் பிள்ளைக்கு வீதியிலே சிங்களம், தொலைக்காட்சியிலே ஆங்கிலமும் இந்தியத் தமிழ்ச் சினிமாவும், வீட்டிலே பேச்சுத் தமிழ் என்ற கலவையே கிடைக்கின்றது. வினாத்தாள் எதிர்பார்ப்பதோ வேறொரு தமிழ். ஒரு பந்தியை வாசித்து அதன் கருத்தைச் சுருக்கித் தருதல், பிழையற்ற வாக்கியங்களாற் கட்டுரை வரைதல், கடிதம் எழுதுதல், இலக்கியப் பகுதியின் பொருள் உணர்தல் என்பன அதன் தேவைகள். வல்லினம் மிகும் இடம், லகர ளகர வேறுபாடு, றகர ரகர வேறுபாடு ஆகியவற்றில் நழுவும் பிள்ளை புள்ளிகளையும் நழுவ விடுகின்றது. முதன்மொழியிற் சித்தியடையாதவர்க்கு ஏனைய பாடங்களின் ஏ எழுத்துகள் முழுப் பயனைத் தருவதில்லை. 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூல்நிலையம் இருக்கின்றது. 1942இல் தொடங்கப்பட்ட அச்சங்கத்தின் வாயிலைத் தனியார் வகுப்புக்குச் செல்லும் மாணவர் நாள்தோறும் கடந்து போகின்றனர். கிழமைக்கு ஒரு நூலை அங்கே வாசித்து முடிக்கும் பிள்ளைக்கு மொழிப் பாடத்தில் அஞ்ச வேண்டியது அதிகம் இராது.

அடுத்துச் சொல்ல வேண்டியது பாடத்தெரிவு பற்றியது. தொகுதிப் பாடங்களைப் பிள்ளை பத்தாம் ஆண்டின் தொடக்கத்தில் தெரிந்தெடுக்கின்றது. அப்பொழுது அதற்கு வயது பதினான்கோ பதினைந்தோ. "இதிலே புள்ளி எளிதாகக் கிடைக்கும்" என்னும் தோழரின் பேச்சும், "அந்தப் பாடத்திற்கு மதிப்பில்லை" என்னும் பெற்றோரின் பேச்சுமே பெரும்பாலும் அத்தெரிவை முடிவு செய்கின்றன. உயர்தரத்தில் வர்த்தகத் துறையை நாடுபவர்க்கு வணிகமும் கணக்கீடும் நல்ல அத்திவாரமாகும். சங்கீதத்திலோ நடனத்திலோ இயல்பான ஆற்றலுள்ள பிள்ளை அங்கே எளிதில் ஒரு திறமைச் சித்தியை ஈட்டிக்கொள்ளும். தேவையான மூன்று திறமைச் சித்திகளுள் ஒன்று அதனாற் கைகூடும். கொழும்பில் வாழ்ந்து தொழில் செய்ய எண்ணுபவர்க்கு இரண்டாம் மொழியாகச் சிங்களத்தை முறையாகக் கற்றல் பிற்காலத்தில் பெரிதும் உதவும். இத்தெரிவைச் செய்யுமுன் வகுப்பாசிரியரோடு ஒரு மணித்தியாலம் இருந்து உரையாடுதல், பின்னர் ஈராண்டு தனியார் வகுப்புக்குக் கட்டணம் செலுத்துவதினும் பயன் மிக்கது.

வெள்ளவத்தைப் பெற்றோர் பலருக்கு இன்னுமொரு மயக்கம் உண்டு. சர்வதேசப் பாடசாலை என்று வழங்கும் தனியார் நிறுவனங்களிற் பிள்ளையைச் சேர்த்து இலண்டன் சாதாரண தரத்திற்குத் தோற்றுவித்தல் மேலானதா என்பதே அது. வெளிநாட்டிற் படிப்பைத் தொடரப் பொருள்வசதியும் உறுதியான திட்டமும் உள்ளவர்க்கு அது பொருந்தக்கூடும். ஆனால் இலங்கை அரச பல்கலைக்கழகங்களுக்கான வழமையான அனுமதி உள்நாட்டு உயர்தரப் பரீட்சையின் வழியாகவே கிடைக்கின்றது. இதனை அறியாது தொடக்க வகுப்பிலேயே முடிவெடுத்து, பத்தாண்டின் பின் செலவு தாங்காமல் வழிமாற முயலும் குடும்பங்கள் இடர்ப்படுகின்றன. முடிவெடுக்குமுன் அவ்வழி எங்கே போய் முடிகின்றது என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

கடல் கடந்து வாழும் உறவினர் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பேசுதலும் நம் வீடுகளில் வழக்கம். கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில், தமிழர் மிகுதியாக வாழும் ரொறன்ரோவில், உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெறுவதற்கு ஒரு மாணவர் 30 பாட அலகுகளை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவற்றுட் சில கட்டாயமானவை, சில விருப்பத்திற்குரியவை. அத்துடன் எழுத்தறிவுத் தேவையொன்றையும் நிறைவு செய்ய வேண்டும். 40 மணித்தியாலம் ஊதியமின்றிச் சமூகப் பணியும் ஆற்ற வேண்டும். அங்கே பெரும்பகுதி நான்காண்டு உழைப்பாற் கணிக்கப்படுகின்றது. இங்கே சில நாட்களில் எழுதப்படும் விடைத்தாள்களாற் கணிக்கப்படுகின்றது. இவ்விரு முறைகளுள் எது சிறந்தது என்ற வாதம் இங்கு வேண்டியதில்லை. எனினும், நாள்தோறும் சிறிது சேர்த்துக்கொள்ளும் அவ்வழக்கத்தை எந்தச் சட்டமும் கட்டளையிடாமலே இங்குள்ள பிள்ளையும் கைக்கொள்ளலாம். முதியோர் இல்லத்திலோ அறநெறிப் பாடசாலையிலோ சில மணித்தியாலம் தொண்டாற்றுவதற்கும் எவரும் தடை சொல்லப் போவதில்லை.

தவறியவரைப் பற்றியும் சொல்லாமல் இவ்வுரை நிறைவுறாது. முதலாவதாக, புள்ளியில் ஐயமுள்ளவர் குறித்த காலத்திற்குள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவதாக, தவறிய பாடத்திற்கோ, ஒரே தடவையில் ஆறு பாடங்கள் வேண்டின் அனைத்திற்குமோ, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மீண்டும் தோற்றலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. 1983இலும் 1995இலும் வீடிழந்து கொழும்பிற்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுட் பலர் படிப்பு இடைமுறிந்த பின்னரே மீண்டும் புத்தகத்தை எடுத்தனர். மூன்றாவதாக, 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ், சாதாரண தரத்திற் சித்தியடையாதவரும் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழிற்றுறைப் பாடங்களைத் தொடரலாம். மருதானையில் 1893இல் நிறுவப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரி முதல் நாட்டின் பல பயிற்சி நிலையங்கள் வரை தேசிய தொழிற்றகைமை என்னும் படிமுறையில் பயிற்சி அளித்து வருகின்றன. அப்படிகள் ஏழு, ஏழாவது படி பட்டத்திற்கு நிகரானது. மின்னிணைப்பும் குழாய் வேலையும் மோட்டார்த் திருத்தமும் படிப்பில் தோற்றவர்க்குரிய தண்டனை என்று எண்ணும் பழக்கத்தை நம்மவர் விட்டொழித்தல் நன்று.

நடைமுறையில் நினைவிருத்த வேண்டியவை சில. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயரும் பரீட்சை விண்ணப்பத்திலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தலைப்பெழுத்து ஒன்று மாறியதால் வெளிநாட்டுத் தூதரகங்களில் அலையும் பெற்றோர் உளர். தேசிய அடையாள அட்டைக்குரிய விண்ணப்பத்தைப் பாடசாலை மூலம் உரிய காலத்தில் அனுப்புதல் வேண்டும். அழகியற் பாடங்களுக்குரிய செய்முறைப் பரீட்சையின் திகதி எழுத்துப் பரீட்சையினின்று வேறானது என்பதை மறத்தலாகாது. நெடுங்காலம் மார்கழியில் நடந்து வந்த இப்பரீட்சை, 2020இல் வந்த பெருந்தொற்றின் பின் வேறு மாதங்களுக்குப் பெயர்ந்ததுண்டு. ஆதலின் பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலையே நம்புதல் வேண்டும். பிறர் வாய்ச்சொல்லை நம்பி நாளைத் தவற விடுதல் கூடாது.

சுருங்கக் கூறின், பத்திரம் கேட்பது அதிகமன்று. ஆறு பாடங்களில் சித்தி; அவற்றுள் மொழியிலும் கணிதத்திலும், மேலும் இரு பாடங்களிலும் ஐம்பது புள்ளி. சராசரி ஆற்றலுள்ள பிள்ளை ஒன்று ஒழுங்கான உழைப்பால் எட்டத்தக்க உயரமே இது. அடுத்த முறை பெறுபேறு வெளியாகும்போது அயல்வீட்டார், "எத்தனை ஏ?" என்று கேட்குமுன், "தமிழிலும் கணிதத்திலும் திறமைச் சித்தி கிடைத்ததா?" என்று கேட்பாராயின், பல பிள்ளைகள் தலைநிமிர்ந்து விடை சொல்லுவர். அதற்கு ஆயத்தம் செய்ய வேண்டிய காலம் பதினோராம் ஆண்டன்று. எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று உள்ள வீட்டில் அது இன்று மாலையே தொடங்கலாம்.